இடது கண்ணை நிறுத்திவைத்த ஃபைல்

கண் ஆஸ்பத்திரியில் இடது கண் அறுவை இயந்திரம் பழுதானது நாலு வருஷத்துக்கு முன்னால். ஒன்பதாம் நாளே சரி பண்ணிவிட்டார்கள். அது, அரசு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற எங்கள் இயக்ககத்துக்குத் தெரியாது என்று யாரும் புரளி கிளப்ப வேண்டாம். தெரியும். கடிதம் வந்தது, பதிவேட்டில் ஏறியது, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் சர்வரில் ஒரு ஃபைல் இருந்தது. அதை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இடது கண்ணுக்கு ஒரு இயந்திரம், வலது கண்ணுக்கு ஒரு இயந்திரம் என்று எதற்காக வாங்கினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வெறும் சோதனையாளர். அடுத்தவர்கள் எழுதுகிற புரோகிராம் சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்த்து, செய்யவில்லை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இயந்திரம் வாங்கிய கதை வேறு மாடி.

ஃபைலின் பெயர் 'இடது-நிறுத்தம்'. உள்ளே மூன்றே வரி.

இடது கண் இயந்திரம் பழுது.
இடது கண் பதிவுகளை நிறுத்திவைக்கவும்.
பழுது நீங்கியதும் இந்தக் கோப்பை நீக்கவும்.

கண் ஆஸ்பத்திரிக்கும் மற்ற அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே போன் நம்பரில் தேதி கொடுக்கிற புரோகிராம் இந்த மூன்று வரியையும் படிக்காது. இந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் இடது கண்ணுக்குத் தேதி கிடையாது. "நீங்கள் காத்திருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள்" என்று ஒரு பெண் குரல் தேனாகச் சொல்லும். பட்டியலில் நாலாயிரத்து முப்பத்தொரு பேர். ஆஸ்பத்திரியில் அந்த இயந்திரத்தை ஒரு நர்ஸம்மா தினமும் துடைத்து, உறை போட்டு மூடிவிட்டுப் போகிறார்.

புத்திசாலி ஒருத்தர் வலது கண் என்று பொய் சொல்லித் தேதி வாங்கி உள்ளே போனார். போனதும் "டாக்டர், உண்மையில இடதுதான்" என்றார். காகிதத்தில் வலது என்று இருந்ததால் வலது கண்ணைச் சோதித்து, அது மிக நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பட்டியலில் என் பெரியம்மாவும் இருந்தாள். என்னை வளர்த்தது அவள்தான். பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் முப்பது வருஷமாகத் தையல் வேலை. இடது கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷமாகிவிட்டது. போன மாதம் ஒரு சட்டையை மேஜை விரிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டாள். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, விரிப்பைப் பிரித்துக் கொடுத்தார். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள கண்ணைப் பாத்துக்கோங்க. அப்பதான் வேலை முட்டும். இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார். டாக்டரும் அதையே வேறு மாதிரி சொன்னார். மூன்று மாதத்துக்கு மேல் விட்டால் புரை முத்திப்போகுமாம். வெளி ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு வக்கில்லை.

"ஏண்டி, அந்த ஃபைலு உங்க ஆபீஸ்லதான இருக்கு?" என்றாள் பெரியம்மா.

"ஆமா."

"அப்ப அழிச்சுட்டு வாயேன். இதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்க?"

அவளுக்கு எங்கள் இயக்ககத்தைத் தெரியாது. சர்வரில் யாரும் கையால் எதையும் அழிக்கக் கூடாது என்பது சட்டம். முன்பு ஒருவர் ஏதோ குப்பையை அழிக்கப்போய், அதோடு இயக்குநரின் பிறந்தநாள் போட்டோக்களும் போய்விட்டன. அன்றிலிருந்து எதை நீக்கினாலும் பேட்ச் வழியாகத்தான் நீக்க வேண்டும்.

பேட்ச் என்பது பெரிய மந்திரமில்லை. எந்த ஃபைலில் எந்த வரியை எடுக்கணும், எதைச் சேர்க்கணும் என்று எழுதின ஒரு சீட்டு. கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் அடித்தால், ஒரு கருவி அந்தச் சீட்டைப் படித்து அதன்படி செய்யும். எல்லா வரியையும் எடு, ஃபைலையும் தூக்கு என்று இருந்தால் ஃபைலையே தூக்கிவிடும். ஒரே ஒரு நிபந்தனை. சீட்டில் இருக்கிற வரிகளும் ஃபைலில் இருக்கிற வரிகளும் அச்சு அசலாக ஒத்துப்போகணும். ஃபைலில் ஒரு வரி கூடுதலாக இருந்தாலும், தனக்குத் தெரிந்த வரிகளை எடுத்துவிட்டு, 'உள்ளே வேற என்னவோ இருக்கு, நான் இதை நீக்க மாட்டேன்' என்று நின்றுவிடும். இயக்ககத்தில் பொறுப்போடு வேலை செய்கிற ஒரே ஜீவன் அதுதான்.

எங்கள் புரோகிராமர் பேட்ச் எழுதிக் கொடுத்தார். எந்த வேலை கொடுத்தாலும் முதலில் ஒரு பெருமூச்சு, அப்புறம் வேலை. சோதனைக்கென்று இருக்கிற கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். ஃபைல் போய்விட்டது. 'கோப்பு நீக்கப்பட்டது. சோதனை வெற்றி' என்று அறிக்கை எழுதி அனுப்பினேன்.

அறிக்கை திரும்பி வந்தது. 'நீக்கப்பட்ட கோப்பின் தற்போதைய புகைப்படம் இணைக்கப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

காலியாக இருந்த இடத்தைத் திரையில் படம் பிடித்து அனுப்பினேன். மறுபடி திரும்பி வந்தது. 'படத்தில் வேறு எந்தக் கோப்பும் தென்படவில்லை. அவற்றையும் நீக்கியது யார் என்று விளக்கம் தரவும்.'

பக்கத்தில் சும்மா ஒரு ஃபைலை உண்டாக்கி வைத்து, அதோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். 'இப்போது தெளிவாக இருக்கிறது' என்று ஏற்றுக்கொண்டார்கள். பதினோரு நாள் போயிருந்தது.

அடுத்து ஒப்புதல். அது இரண்டாம் மாடியில், நீக்க ஒப்புதல் அலுவலர் கையில். கையில் கிடைக்கிற எந்தக் காகிதத்துக்கும் மேலே ஒரு தலைப்பு எழுதாமல் விடமாட்டார் என்பதால் அவருக்குத் தலைப்பு சார் என்றுதான் பெயர். நல்ல மனுஷன். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மூன்று பேனாவை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார், மூன்றும் எழுதும்.

அவர் ஒப்புதல் கொடுத்தார். கருவியை நிஜ சர்வரில் ஓட்டினோம். அது இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: உள்ளடக்கம் பேட்ச்சோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே ஃபைலை நீக்கவில்லை.

திறந்து பார்த்தேன். மூன்று வரியும் போய்விட்டன. அந்த இடத்தில் புதிதாக ஒரே ஒரு வரி. 'இக்கோப்பை நீக்க ஒப்புதல் அளிக்கப்படுகிறது', எண், தேதி, மணி, நிமிஷம், விநாடி.

மாடிக்கு ஓடினேன்.

"சார், ஃபைலுக்குள்ள நீங்க ஏதாவது எழுதினீங்களா?"

"எழுதாம? விதி பதினாலு. நீக்கப்படவுள்ள கோப்பின் முதல் வரிக்கு மேலே ஒப்புதல் எண் எழுதப்பட வேண்டும்."

"நீங்க எழுதினதாலதான் சார் அது நீங்கல."

"நான் எழுதலேன்னா நீக்கறதுக்கு ஒப்புதலே இல்லையேம்மா."

"இப்ப அந்த ஃபைல்ல உங்க ஒப்புதல் மட்டும்தான் சார் இருக்கு. இடது கண்ணும் இல்ல, இயந்திரமும் இல்ல."

"அப்ப ஒப்புதல் பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க" என்றார் நிம்மதியாக.

புரோகிராமர் பெருமூச்சு விட்டு, அந்த ஒப்புதல் வரியையும் சேர்த்து எடுக்கிற மாதிரி புது பேட்ச் எழுதினார். புது பேட்ச் என்றால் புது சோதனை, புது படம், புது ஒப்புதல். புது ஒப்புதல் என்றால் ஃபைலில் புது வரி. பழைய வரி போனது, புது வரி உட்கார்ந்துகொண்டது. ஃபைல் அப்படியே இருந்தது.

"சார், நீங்க எழுதப்போற வரியை முன்னாடியே சொல்லிடுங்க. பேட்ச்ல அதையும் சேர்த்துடறோம்" என்று கெஞ்சினேன்.

"எண் எப்பம்மா வரும்? ஒப்புதல் கொடுத்த அப்புறம்தான வரும்?"

"குத்துமதிப்பா ஒரு நம்பர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட வார்த்தை பேசிய சொந்தத் தங்கையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஐந்து தடவை இப்படி. ஒவ்வொரு தடவைக்கும் எட்டு, ஒன்பது நாள். மூன்று மாதத்தில் இரண்டு மாதம் காலி. வீட்டில் பெரியம்மா ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். முப்பது வருஷத்தில் யாரையும் கூப்பிட்டதில்லை. நான் கோத்துக் கொடுத்தால் "விடு, வெளிச்சம் சரியில்ல" என்பாள். பட்டப்பகல்.

"என்னடி ஆச்சு உங்க ஃபைலு?"

"அழிக்க ஒப்புதல் கொடுத்துட்டாங்க பெரியம்மா."

"அப்பாடா."

"அந்த ஒப்புதலை அழிக்க ஒப்புதல் கேட்டிருக்கோம்."

பெரியம்மா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "நான் வேணா ஒரு தடவை உங்க ஆபீஸுக்கு வரட்டுமா? கத்திரிக்கோல் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

ஆறாவது தடவைக்கு முன்னால் விதிப் புத்தகத்தை முழுசாகப் படித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இயக்ககத்தில் அதை முழுசாகப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று பின்னால் தெரிந்தது. விதி பதினாலு நீக்கத்துக்கு மட்டும்தான். வெறும் திருத்தம் என்றால் ஃபைலுக்குள் எழுத வேண்டாம், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். ஆகவே முதலில் ஒரு திருத்த பேட்ச் போட்டோம். திருத்தம் என்னவென்றால், உள்ளே இருக்கிற ஒரே வரியை எடுத்துவிடுவது. ஃபைல் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. கருவி அதைச் சமர்த்தாகச் செய்தது.

பிறகு அந்தக் காலி ஃபைலை நீக்க விண்ணப்பித்தேன். தலைப்பு சார் அதைத் திறந்தார்.

"முதல் வரி எங்கம்மா?"

"இல்ல சார்."

"இல்லேன்னா, எதுக்கு மேல எழுதறது?"

"எழுத முடியாது சார்."

திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் பதிவேட்டை எடுத்து, 'எழுத இடமில்லை, ஆகவே எழுதாமலே ஒப்புதல்' என்று எழுதினார். நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

விஷயம் இயக்குநருக்குப் போனது. நாலு வருஷத்தில் இயக்ககம் முடிக்கப்போகிற முதல் நீக்கம் என்பதால் இதை விழாவாக நடத்தலாம் என்று அவர் முடிவு செய்தார். மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் துணி விரித்த மேஜை, பூங்கொத்து, மைக். கறுப்புத் திரை ஓடுகிற கம்ப்யூட்டருக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். நாற்காலியில் நிகழ்ச்சி நிரல் வைத்திருந்தது. ஒன்று, வரவேற்பு. இரண்டு, இயக்குநர் பொத்தானை அழுத்துதல். மூன்று, இயக்குநர் உரை. நாலு, நீக்கச் சான்று சேமித்தல். ஐந்து, தேநீர்.

நாலாவது எனக்குப் புரியவில்லை. மேடைக்குப் பக்கத்தில் தலைப்பு சார் மடிக்கணினியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்க் குனிந்து கேட்டேன்.

"விதி பதினஞ்சும்மா. நீக்கப்பட்ட கோப்பு இருந்த இடத்தில், அதே பெயரில், நீக்கச் சான்று வைக்கப்பட வேண்டும்."

படித்திருந்தேன். அது காகிதக் கோப்புக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். என் முட்டாள்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"சார், அதே பேர்ல ஃபைல் இருந்தா இடது கண் மறுபடி நின்னுடும் சார்! வேற பேர்ல வைங்களேன்."

"வேற பேர்ல வெச்சா இது எதோட சான்றுன்னு எப்படிம்மா தெரியும்?"

அதற்குள் கைதட்டல் கேட்டது. இயக்குநர் பொத்தானை அழுத்திவிட்டார். கருவி ஒரு வார்த்தை பேசாமல் ஃபைலைத் தூக்கிவிட்டது. காலை பதினொன்று பத்து.

என் மடிக்கணினியில் பதிவு எண்ணிக்கை நகர ஆரம்பித்தது. இடது கண் திறந்துவிட்டது என்று பட்டியலில் இருந்தவர்களுக்கு வரிசையாகக் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒன்று, நாலு, ஒன்பது. மேஜைக்கு அடியில் குனிந்து பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியம்மா, இப்பவே ஆஸ்பத்திரி நம்பருக்குப் போடு. இடது கண்ணுக்கு ரெண்டை அழுத்தணும். வேற எதுவும் கேக்காத, போடு!"

இயக்குநர் உரை முடிந்ததும் சான்று. இயக்குநர் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து பேசி நாங்கள் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நண்பர்களே, எனக்கு இன்னொரு கூட்டம் இருப்பதால் இன்று மிகச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்" என்றார் இயக்குநர்.

அடப்பாவி மனுஷா!

"இடது கண்ணைப் பற்றிச் சிலர் குறை சொன்னார்கள். உண்மை என்ன? இந்த நாலு வருடத்தில் நம் கண் ஆஸ்பத்திரியில் இடது கண் அறுவையில் ஒரு தவறுகூட நடக்கவில்லை. ஒன்றுகூட இல்லை! உலகத்தில் எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்ல முடியும்? இந்தச் சாதனை நம் இயக்ககத்தால் வந்தது. நன்றி, வணக்கம்."

ஆறு நிமிஷம். தலைப்பு சார் விரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனார். என் போன் அதிர்ந்தது.

"ஏண்டி, கண்ணு தெரியாம மூணை அழுத்திட்டேன். பல்லு டாக்டருக்குத் தேதி கொடுத்துட்டான்!"

"மறுபடி போடு பெரியம்மா! பக்கத்துல யாரையாவது அழுத்தச் சொல்லு!"

எழுந்து நின்றேன். "ஐயா, ஒரு சந்தேகம்!"

அறையே திரும்பிப் பார்த்தது. இயக்குநர் உரைக்குப் பின்னால் கேள்வி கேட்டது இயக்கக வரலாற்றில் கிடையாது. இயக்குநரின் முகம் மலர்ந்தது. மைக்கை மறுபடி பிடித்துக்கொண்டார்.

"கேளுங்கம்மா."

"ஒரு ஃபைலை நீக்கறது, நீக்காம வெச்சிருக்கறது, இதுல எதுங்க ஐயா கஷ்டம்?"

"அருமையான கேள்வி! நீக்காமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். நீக்க ஒரு விநாடி போதும், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் தேவையில்லாத ஒரு கோப்பை நாலு வருடம் கட்டிக்காக்க எத்தனை அலுவலர்கள், எத்தனை கையெழுத்து, எத்தனை கூட்டம்! அந்த உழைப்பை யார் நினைத்துப் பார்த்தார்கள்?" என்று ஆரம்பித்துப் பதினைந்து நிமிஷம் போனார். எண்ணிக்கை நூற்று எண்பது. குரல் தேயத் தொடங்கும்போது புரோகிராமர் என் திரையை எட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், எழுந்தார்.

"ஐயா, இந்த வெற்றியில உங்க தனிப்பட்ட பங்கு என்னன்னு சொன்னா எங்களுக்கெல்லாம் ஊக்கமா இருக்கும்."

மகராசன். அதற்கு இருபது நிமிஷம் கிடைத்தது. இயக்குநர் தன் பள்ளிக்கூட நாட்களிலிருந்து தொடங்கினார். அவருடைய அடுத்த கூட்டத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். முந்நூற்று நாற்பது. போன் இன்னும் அதிரவில்லை. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வேறு கேள்வி ஒன்றுமே தோன்றவில்லை.

அப்போது எழுந்து நின்றது தலைப்பு சார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கூட்டத்தில் வாயைத் திறக்காத மனுஷன். ஒரு கையால் போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"ஐயா, கோப்பு என்றால் என்ன?" என்றார்.

இயக்குநர் கண் கலங்கிவிட்டார். இத்தனை வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கோப்பு என்றால் என்ன என்று விளக்கினார். எட்டாவது நிமிஷம் என் போன் அதிர்ந்தது.

"கெடச்சுடுச்சுடி! கடைக்காரர்தான் அழுத்தினார். அடுத்த வியாழக்கிழமை, காலையில எட்டு மணி. பல்லுக்கும் வெள்ளிக்கிழமை இருக்கு, அதையும் பாத்துக்கறேன்."

அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் மேஜைத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு இரண்டுக்கு உரை முடிந்தது. தலைப்பு சார் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார், பொத்தானை அழுத்தினார். 'இடது-நிறுத்தம்' மறுபடி சர்வரில் வந்து உட்கார்ந்தது. உள்ளே ஒரே வரி: இப்பெயரில் இருந்த கோப்பு நீக்கப்பட்டது என்று சான்றளிக்கப்படுகிறது. என் திரையில் எண்ணிக்கை நானூற்று முப்பத்தொன்றில் நின்றது.

தேநீர் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"சார், உங்க வீட்லயும் இடதா?"

"வீட்டுக்காரம்மாவுக்கு. ரெண்டு வருஷமா." கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னிக்குத் தேதி கெடச்சுது."

"அப்பறம் ஏன் சார் அதைச் சேவ் பண்ணீங்க? இன்னும் எத்தனை பேர் இருக்காங்க!"

"நிரல்ல நாலாவதா இருந்துதேம்மா" என்றார். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார்.

என் இடத்துக்கு வந்து கணக்குப் போட்டேன். பட்டியலில் இன்னும் சரியாக மூவாயிரத்து அறுநூறு பேர். ஓர் உரைக்கு நானூறு என்று வைத்தால் ஒன்பது உரை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'நீக்கச் சான்றை நீக்குதல்' என்று தலைப்பு போட்டு விண்ணப்பம் எழுதினேன். கடைசி வரியாக, விழாவுக்கு இயக்குநர் அவர்களே தலைமை தாங்கி விரிவாக உரையாற்ற வேண்டும் என்று சேர்த்தேன். புரோகிராமர் அதை வாங்கிப் படித்துவிட்டு, இந்தத் தடவை பெருமூச்சு விடாமல், ஒன்பது கேள்வியை வரிசையாக எழுத ஆரம்பித்தார்.